வண்டி ஓட்டுபவர் சர்க்கரையை மறைக்கும்போது

ஓட்டுநர் வேலை கேட்டுப் போகிறவர் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை முதலாளியிடம் சொல்ல வேண்டுமா? மருத்துவரைக் கேட்டால் சொல்லிவிடுங்கள் என்பார். உடன் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் வாயைத் திறக்காதே என்பார்கள். இரண்டும் அக்கறையில் வரும் பதில்கள்தான். ஒருவர் சாலையில் போகிறவர்களின் உயிரை நினைக்கிறார், மற்றவர் கேட்கிறவரின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று நினைக்கிறார். எங்கோ சிலருக்கு மட்டும் வரும் கேள்வி என்றால் அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடலாம். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுக்க நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. வயதுவந்தோரில் நூற்றுக்கு 11.4 பேர், தமிழ்நாட்டில் மட்டும் எடுத்தால் 14.4 பேர். அந்தக் கணக்குப்படி, இருபது ஓட்டுநர்களை வைத்து வண்டி விடும் ஒரு டிராவல்ஸில் இரண்டு மூன்று பேருக்குச் சர்க்கரை இருக்கும். அது முதலாளிக்குத் தெரியுமா, அந்த ஓட்டுநருக்கே தெரியுமா என்பதுதான் மீதிக் கேள்வி. சொல்ல வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் எதைச் சொல்வது, எப்போது சொல்வது, சொன்னவரை முதலாளி எப்படி நடத்த வேண்டும் என்ற மூன்றையும் சேர்த்துப் பேசாமல் வெறுமனே ‘உண்மையைச் சொல்’ என்று ஓட்டுநருக்கு உபதேசம் செய்வது நியாயமாகாது.

சட்டம் இந்த இடத்தில் அதிகம் உதவுவதில்லை. ஓட்டுநர் உரிமத்துக்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்கும் படிவம் 1, வலிப்பு உண்டா, திடீர் மயக்கமோ தலைசுற்றலோ வருமா, பார்வை எப்படி, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியுமா என்று கேட்கிறது. பிறருக்கு ஆபத்து உண்டாக்கக்கூடிய வேறு நோய் ஏதும் இருக்கிறதா என்று பொதுவாகவும் ஒரு கேள்வி உண்டு. லாரி, பஸ், வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கும் படிவம் 1-ஏ-வும் கண், காது, கை, கால் என்றே போகிறது. சர்க்கரை நோயைப் பெயர் சொல்லி எதுவும் கேட்பதில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு போக்குவரத்து வாகன உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அந்த ஐந்தாண்டில் மாத்திரையோடு இருந்தவர் இன்சுலினுக்குப் போயிருக்கலாம், விழித்திரையில் ரத்தக் கசிவு தொடங்கியிருக்கலாம். படிவம் அதை அறியாது. அந்தப் பக்கம், சர்க்கரை இருக்கிறது என்று சொன்ன ஒரே காரணத்துக்காக ஒரு தனியார் முதலாளி வேலை இல்லை என்று அனுப்பிவிட்டால், கேட்க நாதியில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் சர்க்கரை நோய் இல்லை. ஆக, கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை, சொன்னவருக்குக் காப்பும் இல்லை. எல்லாமே லாரி செட்டில் நின்றபடி இரண்டு பேர் பேசிக்கொள்ளும் ஐந்து நிமிடத்தைப் பொறுத்தது.

அந்த ஐந்து நிமிடத்தில் எதைப் பேச வேண்டும் என்று தெரிய, ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சர்க்கரை ஏறுவதைப் பற்றித்தான் நம் ஊரில் பேச்செல்லாம். ஏறிய சர்க்கரை பல ஆண்டுகளில் கண்ணையும் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாதம் மரத்துப்போனவருக்குப் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே சரியாகத் தெரியாமல் போகும். இவை மெதுவாக வருபவை, சோதித்தால் பிடிபடுபவை. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஆளைச் சாய்ப்பது சர்க்கரை இறங்குவது. ரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும், பசி எடுக்கும். இன்னும் இறங்கினால் மூளைக்கு எரிபொருள் போதாமல் யோசனை தடுமாறும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டேனியல் காக்ஸ் குழுவினர், முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களைப் பயிற்சி இயந்திரத்தில் வண்டி ஓட்டச் செய்து, அவர்களின் சர்க்கரையைப் படிப்படியாக இறக்கிப் பார்த்தார்கள். 2000-இல் வெளிவந்த முடிவு இன்றும் அச்சம் தருகிறது. 70-ஐ ஒட்டி இறங்கும்போதே ஓட்டுவதில் பிழைகள் தொடங்கிவிட்டன. ஆனால் வண்டியை நிறுத்தவோ பக்கத்தில் இருந்த இனிப்புப் பானத்தைக் குடிக்கவோ அவர்களுக்குத் தோன்றியது 50-க்குக் கீழே போன பிறகுதான். நிறுத்த வேண்டும் என்று முடிவெடுக்கும் அறிவே முதலில் மங்கிவிடுகிறது. பல ஆண்டுகளாக அடிக்கடி இறங்கிப் பழகிய சிலருக்கு வியர்வையும் நடுக்கமும்கூட வராது.

இறங்கும் ஆபத்து எல்லாருக்கும் ஒன்று அல்ல. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு அது அநேகமாக இல்லை. இன்சுலின் போடுகிறவருக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்று கணையத்தைத் தூண்டும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் உண்டு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் இன்னும் அதிகம். லோடு ஏற்றத் தாமதமானால் சாப்பாடு தள்ளிப்போவது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. இதில் முதலாளிகளும் மருத்துவர்களும் சேர்ந்து தவறவிடும் ஒன்று உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், உரிம அதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்பட்ட 795 சர்க்கரை நோயாளி ஓட்டுநர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியானது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு குறைவாக, அதாவது ‘நல்ல கட்டுப்பாட்டில்’ இருந்தவர்களே விபத்தில் கூடுதலாகச் சிக்கியிருந்தார்கள். மற்றவர் உதவி தேவைப்படும் அளவுக்குக் கடுமையாகச் சர்க்கரை இறங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு ஆபத்து நான்கு மடங்கு. ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுவா, ஏழுக்குக் கீழே இருந்தால் வேலை என்று ஒரு முதலாளி சொன்னால், அவர் கவலைப்பட வேண்டியவரைச் சேர்த்துக்கொண்டு, சேர்த்துக்கொள்ளக்கூடியவரைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

ஆகவே சொல்ல வேண்டியது நோயின் பெயர் மட்டும் அல்ல. சர்க்கரையை இறக்கக்கூடிய மருந்து சாப்பிடுகிறேனா, கடந்த ஓராண்டில் மயங்கியோ பிறர் உதவி தேவைப்பட்டோ இருக்கிறேனா, இறங்குவது எனக்குத் தெரிகிறதா, கண்ணைக் கடைசியாக எப்போது காட்டினேன் என்ற விவரங்கள்தான் வண்டிக்குச் சம்பந்தப்பட்டவை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டு, கண்ணும் காலும் நன்றாக இருக்கிறவர் தானாகப் போய்ச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று நான் நினைக்கவில்லை. கேட்டால் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவே. இன்சுலின் போடுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் கேட்காமலே சொல்ல வேண்டும். என் உடம்பு என் சொந்த விஷயம் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஓர் அலுவலகக் கணக்கரோ துணிக்கடை ஊழியரோ அதைச் சொன்னால் முழுவதும் ஏற்பேன். பின்னிருக்கையில் தூங்கும் நாற்பது பேர் தங்கள் உயிரை ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கும்போது, அவரது உடல்நிலையில் அந்தத் தூக்கத்தோடு சம்பந்தப்பட்ட பகுதி அவருடையது மட்டுமாக இருக்க முடியாது.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014 டிசம்பர் 22 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்தது துயரமான சான்று. கிறிஸ்துமஸ் கடைவீதிக் கூட்டத்தில் நகரசபையின் குப்பை லாரி புகுந்து ஆறு பேர் இறந்தார்கள். ஓட்டுநர் மயங்கிப்போயிருந்தார். அவருக்கிருந்தது சர்க்கரை நோய் அல்ல, மயக்கம். 2010-இல் பஸ் ஓட்டுநராக இருந்தபோதே ஓட்டுநர் இருக்கையில் மயங்கியிருக்கிறார். மருத்துவர்களிடம் அதை மாற்றிச் சொன்னார், பிறகு நகரசபை வேலைக்கு வந்தபோது மறைத்துவிட்டார். அடுத்த ஆண்டு வெளிவந்த விசாரணை அறிக்கை அவருடைய பொய்யை மட்டும் குறை சொல்லி நிற்கவில்லை. பழைய நிறுவனம் கொடுத்த நற்சான்றில் முழு விவரம் இல்லாததையும், சான்று கைக்கு வருமுன்பே வேலையில் சேர்த்துக்கொண்டதையும் குறித்தது. அந்தச் சங்கிலியில் ஒரே ஓர் இடத்தில் ஒருவர் சரியாகக் கேட்டிருந்தாலோ சரியாகச் சொல்லியிருந்தாலோ விபத்தைத் தவிர்த்திருக்கலாம். நோயின் பெயர் என்ன என்பதைவிட, ஓட்டும்போது நினைவு தவறியிருக்கிறதா என்ற கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதை அந்த ஆறு உயிர்கள் காட்டுகின்றன.

ஆனால் மறைப்பதை ஒரே ஒரு நாள் சொன்ன பொய்யாக மட்டும் பார்ப்பது போதாது. சர்க்கரையைப் பொறுத்தவரை, மறைப்பவர் ஒவ்வொரு நடையிலும் மறைக்க வேண்டியிருக்கிறது. கிளீனர் பார்த்துவிடுவான் என்று விரலைக் குத்திச் சோதிக்க மாட்டார். பயணிகள் முதலாளிக்குப் போன் செய்துவிடுவார்களோ என்று நேரத்துக்கு நிறுத்திச் சாப்பிட மாட்டார். ஊசியை வெயிலில் சூடேறும் பையின் அடியில் ஒளித்து வைப்பார், இல்லையென்றால் அன்றைக்குப் போடாமலே விட்டுவிடுவார். வியர்க்கத் தொடங்கினால், இன்னும் முப்பது கிலோமீட்டர்தான், போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைப்பார். காக்ஸின் ஆய்வு சொல்வதுபோல, அந்த நேரத்தில் அப்படி நினைப்பதே நோயின் வேலை. இறங்கிவிடுமோ என்ற பயத்தில் வேண்டுமென்றே சர்க்கரையை 250, 300 என்று உயர்த்தி வைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. மயக்கம் வராது என்பது உண்மைதான். அந்தப் பாதுகாப்புக்கு அவர் கொடுக்கும் விலை பத்து ஆண்டில் கண்ணும் காலும். வெளிப்படையாக இருக்கும் ஓட்டுநரும் மறைக்கும் ஓட்டுநரும் ஒரே நோயோடு ஓட்டுவதாகத் தோன்றலாம்; சாலையில் அவர்கள் உண்டாக்கும் ஆபத்து ஒன்றாக இருக்காது. சொல்ல வேண்டும் என்று நான் வாதாடுவதற்கு முதன்மையான காரணம் இதுவே. முதலாளிக்கு விசுவாசமாக இருப்பது என்பதெல்லாம் பிறகு.

முதலாளியின் எதிர்வாதமும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. ஊரில் எத்தனையோ ஓட்டுநர்கள் இருக்க, நான் ஏன் சர்க்கரைக்காரரைச் சேர்த்து வம்பை விலைக்கு வாங்க வேண்டும் என்று அவர் கேட்பார். அவர் சேர்க்க மாட்டேன் என்று சொல்லும் நாளில் அவருடைய வண்டிகளில் சர்க்கரைக்காரர்கள் இல்லாமல் போவதில்லை; சொல்லாதவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். நாற்பதைத் தாண்டிய அனுபவசாலிகள் வேண்டும் என்று தேடுகிறவருக்கு இது இன்னும் பொருந்தும். ஆபத்தின் அளவையும் அவர் பார்க்க வேண்டும். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2012-இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சர்க்கரை நோயாளிகளை மொத்தமாக எடுத்துக்கொண்டால் விபத்து ஆபத்து மற்றவர்களைவிட 12 முதல் 19 விழுக்காடு கூடுதல். தூக்கத்தில் மூச்சடைக்கும் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஏறக்குறைய 2.4 மடங்கு என்று அதே அறிக்கை சொல்கிறது. பலமாகக் குறட்டை விடுகிறாயா, பகலில் கண் சொக்குகிறதா என்று எந்த லாரி செட்டிலும் கேட்டு ஆளைத் திருப்பி அனுப்புவதில்லை. விடிய விடிய ஓட்டி வந்தவரையே அடுத்த லோடுக்கு ஏற்றிவிடுகிற முதலாளி, சர்க்கரை என்ற சொல்லைக் கேட்டவுடன் பாதுகாப்பைப் பற்றிப் பேசினால், அவர் தன் பயத்தை ஒருமுறை எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பயத்தைக் கடந்த நாடுகள் கண்ணை மூடிக்கொண்டு கடக்கவில்லை. பிரிட்டனில் இன்சுலின் போடுகிறவர்களுக்கு லாரி, பஸ் உரிமம் 2011 வரை பொதுவாக மறுக்கப்பட்டு வந்தது. அந்த ஆண்டு கதவைத் திறந்தபோது கூடவே நிபந்தனைகளும் வந்தன. கடந்த 12 மாதத்தில் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கக் கூடாது. இறங்குவதை முழுமையாக உணரக்கூடியவராக இருக்க வேண்டும். ஓட்டத் தொடங்கும் முன்பும், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும். ஆண்டுதோறும் சர்க்கரை நோய் நிபுணர் பதிவுகளைப் பார்க்க வேண்டும். நம் கணக்கில் 90-க்குக் குறைந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டே கிளம்ப வேண்டும், 72-க்குக் குறைந்தால் ஓட்டவே கூடாது. இறங்கிய சர்க்கரை சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இன்சுலின்காரர்கள் மாநிலம் விட்டு மாநிலம் லாரி ஓட்ட, 2003 முதல் தனித்தனியாக விலக்குக் கோரும் வழி இருந்தது. 2018-இல் அதையும் மாற்றி, சிகிச்சை தரும் மருத்துவரே மூன்று மாதச் சர்க்கரைப் பதிவைப் பார்த்து எழுதித் தந்தால் அதிகபட்சம் ஓராண்டுக்குத் தகுதிச் சான்று என்று ஆக்கினார்கள். இரண்டு நாடுகளும் நோயின் பெயரைக் கேட்டு முடிவு செய்வதைக் கைவிட்டு, ஆளையும் அவருடைய பதிவையும் பார்க்கத் தொடங்கின. கண்டிப்பு குறையவில்லை, கூடியது. ஆனால் உண்மையைச் சொன்னவருக்கு வேலைக்குப் போக ஒரு வழி கிடைத்தது.

எப்போது சொல்வது என்பதிலும் அங்கிருந்து கற்க ஒன்று உண்டு. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டமும் அமெரிக்காவின் 1990 ஊனமுற்றோர் சட்டமும், சில விலக்குகள் தவிர, வேலை தருவதாகச் சொல்லும் முன் உடல்நலம் பற்றி முதலாளி கேட்பதைத் தடுக்கின்றன. முதலில் ஓட்டத் தெரிகிறதா என்று பார், பிடித்தால் வேலை என்று சொல், அதற்குப் பிறகு உடம்பைக் கேள் என்ற வரிசை. இதனால் ஒரு நன்மை: உடல்நிலையைக் கேட்ட பின் மறுத்தால் காரணம் ஒளிந்துகொள்ள முடியாது. நம்மிடம் அந்தச் சட்டம் இல்லை என்றாலும் அந்த வரிசையை ஓட்டுநர் தானாகவே பின்பற்றலாம். வாசலில் நுழைந்ததும் நோயைச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியை ஓட்டிக் காட்டி, சம்பளமும் படியும் பேசி முடித்து, முதல் நடைக்குச் சாவியை வாங்கும் முன் சொல்லலாம். அப்போது முதலாளி எதிரில் நிற்பவர் தனக்குப் பிடித்துப்போன ஓர் ஓட்டுநர். சொல்லும் விதமும் முக்கியம்: “எனக்குச் சுகர் இருக்குதுங்க, இன்சுலின் போடுறேன். மயக்கம் கியக்கம் ஒண்ணும் வந்ததில்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ நிறுத்திப் பாத்துக்குவேன், டாக்டர் சீட்டு இருக்குது.” நோயை மட்டும் சொல்வதைவிட, அதை எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவருக்கு யோசிக்க இடம் கிடைக்கும்.

அப்படிச் சொல்லியும் வேலை போய்விட்டால்? போகலாம். அதை மறைத்துப் பேச நான் தயாரில்லை. இந்த ஒரு இடத்தில் மட்டும், உண்மை பேசியவருக்கு நல்லதே நடக்கும் என்று உறுதி தர என்னிடம் எதுவும் இல்லை. மருந்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று மருத்துவரைக் கேட்பது பலருக்கு வழி திறக்கும். சர்க்கரையை இறக்கிவிடாத மாத்திரைகள் இன்று பல இருக்கின்றன. நான் ஓட்டுநர் என்று மருத்துவரிடம் சொல்லாமல் மருந்து வாங்குவதும் ஒரு மறைப்புதான், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. மாத்திரை கொடுக்கும்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி சேர்ந்தால் எத்தனையோ நடைகள் பத்திரமாகும். ஆனாலும் சுமை முழுவதையும் ஓட்டுநர் தோளில் ஏற்ற முடியாது. பார்வை குறைந்ததால் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ராஜஸ்தான் அரசு பஸ் ஓட்டுநர்களின் வழக்கில், பல ஆண்டு உழைத்துக் கண் கெட்டவரை வெறுங்கையோடு அனுப்ப முடியாது, மாற்று வேலையோ இழப்பீடோ தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே சொன்னது. 2016 சட்டமும், பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரை நீக்காமல், அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்றச் சொல்கிறது. ஓட்ட முடியாத நாளில் பணிமனையிலோ டிக்கெட் கணக்கிலோ ஓர் இடம் உண்டு என்று தெரிந்த ஓட்டுநர் மறைக்க வேண்டிய தேவை குறைவு. ஐம்பது வண்டி வைத்திருக்கும் தனியார் முதலாளிக்கும் அப்படி ஓர் இடம் ஒதுக்குவது முடியாத காரியம் அல்ல.

வெளிநாட்டு விதியெல்லாம் நம் சாலைக்கு ஒத்துவராது, இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தினால் சரக்கு எப்போது போய்ச் சேரும் என்ற ஆட்சேபமும் உண்டு. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி நேர வேலை என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி வேலை வாங்கக் கூடாது, குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும் என்றும் விதித்திருந்தது. சர்க்கரைக்காரர் கேட்பது அதற்குமேல் சில நிமிடங்கள். குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கின்றன. ஒரு நடைக்கு ஆகும் டீசல் செலவோடு ஒப்பிட்டால் அந்தச் செலவைப் பேசுவதே வீண். நேரத்துக்குச் சாப்பாடு, இடையில் இறங்கி நடக்கச் சில நிமிடம் என்பது சர்க்கரை இல்லாத ஓட்டுநரையும் தூக்கத்திலிருந்து காக்கும். ஆகவே இதைச் சிலருக்குத் தரும் சலுகையாக நான் பார்க்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒருவர் விஷயத்தில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆக்டிங் டிரைவர். இன்றைக்கு ஒரு குடும்பத்தைத் திருப்பதிக்கு அழைத்துப் போவார், நாளை வேறொருவருக்கு மதுரை வரை ஓட்டுவார். நிலையான முதலாளி இல்லை, டாக்டர் சீட்டைப் பார்க்கிறவரும் இல்லை, சொன்னால் அடுத்த நிமிடமே வேறு ஆளைக் கூப்பிட்டுவிடலாம். ஒவ்வொரு கார் உரிமையாளரிடமும் தன் நோய் வரலாற்றை அவர் விவரிக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்சுலின் போட்டுக்கொண்டு இரவு ஓட்டப் போகிறவர், கிளம்பும் முன் சோதிப்பதையும், இடையில் நிறுத்துவதையும், கைக்கெட்டும் இடத்தில் குளுக்கோஸ் வைத்திருப்பதையும் அந்த வீட்டாரிடம் மறைக்கக் கூடாது. “வழியில ரெண்டு மூணு இடத்துல நிறுத்துவேங்க, எனக்குச் சுகர் இருக்கு, நான் வேர்த்து ஒரு மாதிரி பேசுனா வண்டிய ஓரங்கட்டச் சொல்லுங்க” என்றால் போதும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். சர்க்கரை இறங்கும்போது தன்னால் தன்னை நம்ப முடியாது என்பதால், பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு அந்த அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டு வேறு ஆளைத் தேடும் வீட்டார் இருப்பார்கள். டீக்கடையில் அவரே நிறுத்துமுன் “அண்ணே, கொஞ்சம் சாப்பிட்டுட்டுப் போகலாமே” என்று சொல்லும் வீட்டாரும் இருப்பார்கள். எவ்வளவு பேர் இந்தப் பக்கம், எவ்வளவு பேர் அந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தே, அடுத்த ஆக்டிங் டிரைவர் சொல்வதா மறைப்பதா என்று முடிவெடுப்பார்.